சாட்சியில்லாத கிரயம்

நிலம் வாங்கியவன் பத்திரத்தைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறான். பாவம்! மண் யாருடையது என்பதைத்தான் பத்திரம் சொல்லும். அந்த மண்ணில் என்ன செய்யலாம் என்று சொல்வது வேறொரு காகிதம், சர்க்காரின் வரைபடம்.

திருவொற்றியூரில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், துறைமுகத்தில் மூட்டை சுமந்து சேர்த்த காசில் அரை கிரவுண்டு மனை வாங்கியிருந்தார். மகள் கல்யாணத்துக்காக 2016-ஆம் ஆண்டின் கடைசியில் அதை விற்கப் போனார். 'அங்கீகாரமில்லாத மனை, பதிய முடியாது' என்று பத்திரம் திரும்பி வந்தது. அந்த செப்டம்பர் 9-ஆம் தேதிதான் அத்தகைய மனைகளைப் பதியக் கூடாதென்று உயர் நீதிமன்றம் தடை விதித்திருந்தது. மறு ஆண்டு, கட்டணம் கட்டி வரன்முறைப்படுத்திக்கொள்ள விதிகள் வந்தன. கல்யாணம் அதுவரை காத்திருக்குமா?

இருந்தாலும் நான் சட்டத்தோடு சண்டைக்கு வரவில்லை. ஏரியையும் வயலையும் கூறு போட்டு விற்றவர்களைத் தடுக்கத்தானே வேண்டும்? என் கேள்வி வேறு. அதே கண்டிப்பு பெரிய இடத்தில் எங்கே போயிற்று?

திருவொற்றியூருக்கு வடக்கே எண்ணூர். அங்கே கொசஸ்தலையாறு கடலில் கலக்கிறது. 1991-இல் வந்த கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையை ஒட்டி 1996-இல் ஒப்புதல் பெற்ற வரைபடம், அந்தக் கழிமுகத்தைக் கட்டுமானம் கூடாத இடமாகக் காட்டியது. 2017-இல் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டபோதோ, 1997-ஆம் ஆண்டுத் தேதியிட்ட இன்னொரு வரைபடம் வெளியே வந்தது. அதில் கழிமுகத்தையே காணோம்! மறைந்த பரப்பு சுமார் 6,500 ஏக்கர் என்று மீனவர்களோடு நின்ற ஆர்வலர்கள் கணக்கிட்டார்கள். துறைமுகத்துக்காகச் சதுப்பைத் தூர்க்கிறார்களே என்று மீனவர்கள் அலறியதும் அதே ஆண்டில்தான்.

தண்ணீருக்குள் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கிறவனிடம் பட்டா கிடையாது. தலைமுறை தலைமுறையாக அனுபவித்து வரும் பாத்தியதை ஒன்றுதான் அவன் சொத்து. அந்தப் பாத்தியதைக்குக் காவலாக நின்றது வரைபடத்தில் இருந்த ஒரு கோடு. கோட்டை அழித்தால் அவன் சொத்து கை மாறிவிடுகிறது. அதுவும் ஒரு கிரயம்தான். முத்திரைத் தீர்வை கிடையாது, சாட்சி கிடையாது, கொடுத்தவன் கையெழுத்தும் கிடையாது.

அரை கிரவுண்டு கை மாற இரண்டு சாட்சிகள் வேண்டுமென்றால், ஓர் ஆறு கை மாற ஊரே சாட்சியாக வேண்டாமா? வரைபடத்தில் ஒரு கோட்டை நகர்த்துமுன், அதைத் தமிழில் எழுதிக் குப்பத்துச் சாவடியில் ஒட்டட்டும். வலை உலர்த்துகிறவன் படித்துப் பார்த்துப் பதில் சொல்லட்டும். அதன் பிறகு பெரியவரிடம் வந்து சட்டம் பேசலாம்.