எரிமலை காட்டும் ஆபத்தான குறுக்குவழி

பிலிப்பின்ஸின் லூசான் தீவிலுள்ள பினாட்டுபோ எரிமலை 1991 ஜூன் 15 அன்று பெரும் சீற்றத்துடன் வெடித்தது. ஏறத்தாழ 1.5 கோடி டன் கந்தக டை ஆக்சைடு வாயு அடுக்கு மண்டலத்தை எட்டியது. மறு ஆண்டில் உலகின் சராசரி வெப்பநிலை சுமார் அரை டிகிரி செல்சியஸ் குறைந்தது.

எரிமலை செய்ததை விமானங்களைக் கொண்டு மனிதன் ஏன் செய்யக் கூடாது என்ற கேள்வி இன்று ஆய்வரங்குகளைத் தாண்டி அரசுகளின் மேசைக்கு வந்திருக்கிறது. பிரிட்டன் அரசின் ஆய்வு அமைப்பு ஒன்று, சிறிய அளவிலான திறந்தவெளிச் சோதனைகளையும் உள்ளடக்கிய ஆய்வுகளுக்காக 2025-இல் 5 கோடி பவுண்டுக்கு மேல் ஒதுக்கியது.

எரிமலைச் சாம்பல்தான் சூரியனை மறைத்துப் பூமியைக் குளிர்விக்கிறது என்று பலரும் கருதுகின்றனர். சாம்பலின் பெரும்பகுதி சில நாள்களில் மண்ணுக்கு வந்துவிடும். குளிர்விப்பது கந்தகமே. அந்த வாயு நீராவியுடன் சேர்ந்து கந்தக அமிலத்தின் நுண்துளிகளாகிறது. அடுக்கு மண்டலத்தில் அவற்றைக் கழுவி இறக்க மழை இல்லை. எனவே, ஓரிரு ஆண்டுகள் அங்கேயே பரவி நின்று சூரிய ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன.

அதே கந்தகம் மேகங்கள் உலவும் கீழடுக்கிலேயே தங்கிவிட்டால் கணக்கு சிக்கலாகிறது. ஐஸ்லாந்தின் ஹோலுஹ்ரான் பகுதியில் 2014 ஆகஸ்ட் முதல் ஆறு மாதங்கள் எரிமலைக் குழம்பு வழிந்தது. மேகத்துளிகள் சிறுத்தன, ஆனால் மேகங்களில் இருந்த நீரின் அளவு ஏறக்குறைய மாறவில்லை என்றது 2017-இல் வெளியான ஆய்வு. மேகப் பரப்பே விரிந்தது என்றது 2022-இல் வந்த மற்றோர் ஆய்வு. டோங்காவில் 2022 ஜனவரியில் கடலடி எரிமலை வெடித்தபோதோ, கந்தகத்தைவிடப் பன்மடங்கு அதிகமாக, சுமார் 15 கோடி டன் நீராவி அடுக்கு மண்டலத்தை அடைந்தது. நீராவி வெப்பத்தைத் தக்கவைக்கும் வாயு.

வெப்பநிலையைவிட நம்மை அதிகம் பாதிப்பது மழை. சூரிய ஒளி குறைந்தால் ஆவியாதல் குறைகிறது, மழையும் குறைகிறது. பினாட்டுபோவுக்குப் பிறகு உலகின் நிலப்பரப்புகளில் மழையும் ஆறுகளின் நீர்வரத்தும் குறைந்தது பதிவாகியுள்ளது. 1783-இல் ஐஸ்லாந்தின் லாக்கி எரிமலை எட்டு மாதங்கள் கந்தகத்தைக் கக்கியபோது அந்நாட்டு மக்களில் ஐந்தில் ஒரு பங்கினர் மடிந்தனர். தொலைவிலுள்ள ஆப்பிரிக்காவில் பருவமழை தளர்ந்தது. நைல் நதியில் வெள்ளம் குன்றியது. எகிப்தில் பஞ்சம் வந்தது. நைல் கரை உழவருக்கு லாக்கியின் பெயர்கூடத் தெரிந்திருக்காது.

பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்களின் கணினி மாதிரிகளும் இதையே சுட்டுகின்றன. வட அரைக்கோளத்தில் துளிகளைத் தூவினால் வட அரைக்கோளப் பருவமழை குறைகிறது. தென் அரைக்கோளத்தில் மழை கூடுகிறது. எங்கே தூவுவது என்பதை முடிவு செய்பவரே மழையையும் பங்கிடுகிறார்.

இந்தத் திட்டத்தின் கவர்ச்சி அதன் மலிவு. முதல் 15 ஆண்டுகளுக்கு, ஆண்டொன்றுக்கு சுமார் 225 கோடி டாலர் போதும் என்கிறது 2018-இல் வெளியான ஒரு மதிப்பீடு. நடுத்தர நாடு ஒன்றே இதைத் தாங்கிவிடும். செலவில் பங்கேற்காமல் பயனை மட்டும் பெறும் 'இலவசப் பயணி'யைப் பற்றி முப்பது ஆண்டுகள் மாணவர்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். இங்கே சிக்கல் தலைகீழானது. யாரையும் கேட்காமல் வண்டியை ஓட்டிச் செல்லும் 'இலவச ஓட்டுநர்' என்று பொருளியல் அறிஞர் மார்ட்டின் வைட்ஸ்மேன் இதைக் குறிப்பிட்டார். மேலும், கரியமில வாயு கூடிக்கொண்டே போக, தூவுவது திடீரென நின்றால், மறைக்கப்பட்டிருந்த வெப்பம் முழுவதும் சில ஆண்டுகளில் வந்திறங்கும். கடனை அடைக்காமல் வட்டியை மட்டும் கட்டுவதைப் போன்றது இது.

இவ்வளவு பெரிய செயலைக் கட்டுப்படுத்தத் தனியான உலக உடன்படிக்கை ஏதுமில்லை. 2024-இல் நைரோபியில் கூடிய ஐ.நா. சுற்றுச்சூழல் பேரவையில், இதை ஆராய நிபுணர் குழு அமைக்கும் நோக்கில் சுவிட்சர்லாந்து கொண்டுவந்த தீர்மானம் கருத்தொற்றுமையின்றித் திரும்பப் பெறப்பட்டது. சாகுபடிப் பரப்பில் ஏறத்தாழ பாதியை மழையிடம் ஒப்படைத்துள்ள இந்தியா, அடுத்த முறை இந்தப் பொருள் அவைக்கு வரும்போது, பருவமழை நாடுகளின் ஒப்புதலின்றி எவரும் தூவக் கூடாது என்ற நிபந்தனையைத் தானே முன்மொழிய வேண்டும்.