நாலு பெரிசா, ரெண்டு பெரிசா?

மக்களே, இந்த முறை பேங்க், வட்டி விகிதம், டிரான்ஸ்ஃபர் புலம்பல் எதுவும் கிடையாது. கம்ப்யூட்டர் கேம் பற்றிய பதிவு. "நாற்பது தாண்டினப்புறம் இதெல்லாம் தேவையா" என்று தங்கமணி ஏற்கனவே கேட்டாகிவிட்டது. அதனால் நீங்கள் கேட்க வேண்டாம் :-)

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் நாலாம் பாகம் 2021 அக்டோபரில் வந்தது. விமர்சகர்கள் பாராட்டினார்கள். அந்த வருட கேம் அவார்ட்ஸில் வியூக விளையாட்டுக்கான விருதையும் தட்டிக்கொண்டு போனது. 1999-இல் வந்த இரண்டாம் பாகத்துக்கு இதுதான் உண்மையான வாரிசு என்று பேசிக்கொண்டார்கள். இரண்டையும் வருஷக்கணக்கில் ஆடியவன் என்ற முறையில் சொல்கிறேன்: நல்ல விளையாட்டு, ஆனால் வாரிசு இல்லை.

தெரியாதவர்களுக்கு ஒரு அறிமுகம். நாலைந்து குடியானவர்களோடு ஆரம்பிப்பீர்கள். உணவு, மரம், தங்கம், கல் சேர்க்க வேண்டும். அதை வைத்து வீடு, பட்டறை, படை. ஒவ்வொரு யுகமாக முன்னேறி எதிராளியை ஒழிக்க வேண்டும். சின்ன முதலில் கடை போட்டு, சரக்கும் ரொக்கமும் தீராமல் பார்த்துக்கொள்ளும் வியாபாரம் மாதிரிதான். வொர்க்கிங் கேப்பிட்டல் என்றால் என்ன என்று பி.காம் வகுப்பில் புரிந்ததைவிட, திருச்சியில் பிரவுசிங் சென்டரில் கோட்டை கட்டப் போய் கல் தீர்ந்து நின்றபோதுதான் எனக்கு நன்றாகப் புரிந்தது. (குறுக்கு வழியில் ஒரு வாக்கியம் தட்டினால் நீலக் கார் வந்து எல்லாரையும் சுட்டுத் தள்ளுமே, ஞாபகம் இருக்கிறதா?)

நடுவில் 2005-இல் மூன்றாம் பாகம் வந்தது. 2007-இல் அதன் இணைப்பில் இந்தியாவும் சேர்ந்தது. வைத்தியம் பார்க்க யானை மேல் ஏறி பிராமணர்கள் வருவார்கள். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

நாலாம் பாகத்துக்குக் கொடுக்க வேண்டிய மார்க்கைக் கொடுத்துவிடுகிறேன். நார்மன்கள், நூறாண்டுப் போர், மங்கோலியர், மாஸ்கோவின் எழுச்சி என்று நான்கு தொடர்கள். இன்றைய இடங்களைப் படம் பிடித்து, அதன் மேலேயே அன்றைய படைகளைப் பொன்னிறக் கோடுகளாக ஓட விட்டிருப்பார்கள். பையனுக்கு நூறாண்டுப் போர் பற்றித் தெரிந்ததெல்லாம் இதில் தெரிந்துகொண்டதுதான். யுகம் மாற மாற வீரர்கள் பேசும் மொழியும் பழசிலிருந்து புதுசாக மாறும். அபாரமான உழைப்பு.

இந்தியாவுக்கு அதில் டெல்லி சுல்தான்கள். அவர்களுக்கு எல்லா ஆராய்ச்சியும் இலவசம், ஆனால் ரொம்ப நேரம் பிடிக்கும். மசூதியில் அறிஞர்களைக் கொண்டுபோய் உட்கார வைத்தால் வேகமாக நடக்கும். நம் ஊர் ஃபைல் நகரும் விதத்தை வடிவமைத்தவர்கள் எங்கேயோ பார்த்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

அப்புறம் என்ன குறை? கணக்கில்தான் குறை. நாலாம் பாகத்தில் ஒவ்வொரு நாடும் தனித்தனி விளையாட்டு போல. டெல்லிக்கு ஒரு முறை, மங்கோலியருக்கு வேறு முறை, அவர்களால் கட்டடத்தையே கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போக முடியும். பார்க்க அழகு. ஆனால் புதிதாக ஒரு நாட்டைச் சேர்க்க வேண்டுமென்றால் கிட்டத்தட்ட முதலிலிருந்து செய்ய வேண்டும். எட்டு நாடுகளோடு வந்தது. 2022-இல் ஒட்டோமான்களும் மாலியும் சேர்ந்து பத்து. இரண்டாம் பாகத்தில் எல்லா நாட்டுக்கும் அடித்தளம் ஒன்றுதான். ஈட்டிக்காரன் எல்லாரிடமும் ஈட்டிக்காரன். அதன் மேல் நாலு சலுகை, ஒன்றிரண்டு சொந்தப் படை, அவ்வளவுதான் வித்தியாசம். பி.காம் பாஷையில் சொன்னால் மார்ஜினல் காஸ்ட் கம்மி. பதின்மூன்றில் ஆரம்பித்தது நாற்பதைத் தாண்டிவிட்டது.

அதைவிட முக்கியம் யார் சேர்த்தார்கள் என்பது. உருவாக்கிய என்செம்பிள் ஸ்டூடியோஸை 2009-இல் மைக்ரோசாஃப்ட் மூடிவிட்டது. விளையாட்டு அதோடு செத்திருக்க வேண்டும். ரசிகர்கள் சிலர் தாங்களாகவே புது நாடுகளைச் செய்து இணையத்தில் விட்டார்கள். அதுவே 2013-இல் அதிகாரபூர்வமான இணைப்பாக வந்தது. அவர்கள் தொடங்கிய நிறுவனம்தான் 2019-இல் வந்த புதுப்பித்த பதிப்பிலும் முக்கியப் பங்கு வகித்தது. வாடிக்கையாளரே கடையை எடுத்து நடத்திய கதை!

2013 இணைப்பில்தான் "இந்தியர்கள்" முதன்முதலில் வந்தார்கள். காஷ்மீர் முதல் குமரி வரை ஒரே நாடு, ஒட்டகப் படை, பேசுவது இந்தி. தஞ்சாவூரிலிருந்து படை கிளம்பினாலும் ஒட்டகத்தில்தான் கிளம்ப வேண்டும். ஒன்பது வருஷம் இப்படி ஓடியது. 2022 ஏப்ரலில் வந்த இணைப்பில்தான் பிரித்தார்கள்: இந்துஸ்தானியர், கூர்ஜரர், வங்காளிகள், திராவிடர்கள். சுருள் வாள் வீரர்கள், உருக்கு எஃகு, திரிசடை என்று ஒரு போர்க்கப்பல் (எனக்கு அசோகவனம்தான் ஞாபகம் வந்தது). ராஜேந்திர சோழனுக்கு ஒரு தொடர், வங்காளத்துப் பால வம்சத்தின் தேவபாலனுக்கு ஒரு தொடர். குடியானவனைத் தட்டினால் தமிழில் பேசுகிறான்.

தமிழர், தெலுங்கர், கன்னடர், மலையாளி எல்லாரையும் "திராவிடர்" என்று ஒரே மூட்டையாகக் கட்டியதில் எனக்கு உடன்பாடில்லை. ராஜேந்திரன் மேலைச் சாளுக்கியரோடு வாழ்நாளெல்லாம் மோதியவன். இரண்டு பேருக்கும் ஒரே கொடி கொடுத்தால் எப்படி? ஆனாலும் ஒட்டகத்துக்கு இது எவ்வளவோ தேவலை.

கல்கத்தாவில் இருக்கும் நமக்கு இதில் கூடுதல் சுவாரசியம் உண்டு. 1020-களில் ராஜேந்திரன் படை கங்கைக்கு வந்து மகிபாலனைத் தோற்கடித்தது. போளூர் பக்கம் திருமலைக் கல்வெட்டில் அது பதிவாகியிருக்கிறது. அதில் லாடம் என்று வருவது இங்கே ஹூக்ளி, பர்த்வான் பக்கத்து ராட் பகுதிதான். வங்காளத்தை மழை ஓயாத நாடு என்கிறது. ஜூலையில் முழங்கால் தண்ணீரில் ஆபீஸ் போகிறவர்கள் மெய்க்கீர்த்தி எழுதியவரை நம்பலாம். இதை என் சக அதிகாரியிடம் பெருமையாகச் சொன்னேன். தேவபாலன் திராவிட அரசனின் கர்வத்தை அடக்கினான் என்று பாதால் தூண் கல்வெட்டில் இருப்பதை அவர் எடுத்து விட்டார். அவர்கள் கல்லில் அவர்கள் ஜெயித்தார்கள், நம் கல்லில் நாம்.

எங்கள் ஆள் இல்லை என்பதற்காக நாலாம் பாகத்துக்கு மார்க்கைக் குறைப்பது நியாயமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். முதல் நாளே சேர்த்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 1999-இலும் இந்தியாவே இல்லை. இருபத்து மூன்று வருஷம் கழித்தாவது நமக்கு இடம் கிடைக்கும்படி அதன் அமைப்பு இருந்தது. நாலாம் பாகத்தில் ஒரு சோழனோ பாலனோ நுழைய எவ்வளவு செலவாகும் என்று போட்டுப் பார்த்தால், எந்தக் கம்பெனியும் அந்த லோனை சாங்ஷன் பண்ணாது.

இது எனக்கு ஏன் பெரிய விஷயம் என்றால், இங்கே பையன் பள்ளியில் இங்கிலீஷ், இந்தி, பெங்காலி. தமிழ் வீட்டில் மட்டும்தான். லேக் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனால் பூக்காரம்மாவிடம் நாலு வார்த்தை பேசுவான். வீட்டுக்கு வெளியே, அவனுக்குப் பிடித்த ஒரு பொருளுக்குள்ளிருந்து தமிழ் கேட்டது அன்றைக்குத்தான். "அப்பா, இவங்க நம்மள மாதிரியே பேசறாங்க" என்று கத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினான்.

சரி, இனிமேல் திராவிடர்தான் ஆடுவான் என்று நினைத்தேன். ஊஹூம். அவன் எடுப்பது வங்காளிகளை. யுகம் மாறும்போது நமக்கு 200 மரம் கிடைக்கும், அவர்களுக்கு இரண்டு ஆள் கூடுதலாக வருவார்கள். "மரத்தை ஆள் வெட்டிக்குவான்பா, மரம் ஆளைக் கொண்டுவருமா?" என்கிறான். கையில் ரொக்கம் இருந்தால் உடனே பட்டறை கட்டலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். போன ஞாயிற்றுக்கிழமை வரை அவன் ஏழு, நான் நாலு.