பீவருக்குக் கேட்காத குழாய்

கலிபோர்னியாவில் கார்கினெஸ் நீரிணையின் கரையில் இருக்கிறது மார்ட்டினெஸ். காடுகளைக் காக்கச் சொல்லி வாழ்நாளெல்லாம் எழுதிய ஜான் முயரின் வீடு அங்கேதான். அதே ஊரில்தான் 2007-இல், ஓடைகளில் அணை கட்டும் பிராணிகளான பீவர்களைத் தீர்த்துக்கட்டுவது பற்றி நகராட்சி யோசித்தது.

கடைவீதியை ஒட்டி ஓடும் அல்ஹாம்ப்ரா ஓடையில் ஒரு பீவர் ஜோடி குடியேறி, குச்சியும் சேறும் கொண்டு அணை கட்டியிருந்தது. ஏற்கெனவே வெள்ளம் பார்த்த ஊர். நீர்மட்டம் ஏறுவதைக் கண்டு கடைக்காரர்கள் பயந்ததில் நான் குறை காண மாட்டேன். ஆனால் ‘அகற்றுவது’ என்றால் அப்போது அந்த மாநிலத்தில் பெரும்பாலும் கொல்வதுதான். பிடித்து வேறிடத்தில் விட அனுமதி அரிதாகவே கிடைத்தது.

ஊரார் சும்மா இருக்கவில்லை. நவம்பரில் கூட்டம் கூடிச் சண்டை பிடித்தார்கள். ஹைடி பெரிமன் என்ற உளவியலாளர் பீவர்களுக்காகவே ஓர் அமைப்பைத் தொடங்கினார். நகராட்சி இறங்கிவந்தது. 2008 தொடக்கத்தில் வெர்மான்ட்டிலிருந்து ஸ்கிப் லைல் என்ற நிபுணர் வந்து, நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்த அணையின் ஊடே ஒரு குழாயைப் போட்டார்.

வெறும் குழாய்தானே என்று தோன்றும். சூட்சுமம் அதன் வாயில் இருக்கிறது. தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டால் பீவருக்குக் கை சும்மா இருக்காது. சுவீடன் ஆய்வாளர் லார்ஸ் வில்சன் ஒலிபெருக்கியில் நீரோட்டத்தின் சத்தத்தை ஓடவிட்டபோது, பீவர்கள் அந்தப் பெட்டியின் மேலேயே குச்சிகளைக் குவித்தனவாம்! அதனால் குழாயின் வாயை அணையிலிருந்து தள்ளி, குளத்துக்குள், கம்பிக்கூண்டு போட்டு வைக்கிறார்கள். சத்தமும் இழுப்பும் தெரிவதில்லை. நம் ஏரிகளின் மதகான குமிழித்தூம்பைப் போல, தண்ணீர் அடியில் போய்க்கொண்டிருக்கும். குழாய் வைத்த உயரத்துக்கு மேல் குளம் சாதாரணமாக ஏறாது. கூண்டில் குப்பை சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஊரும் மூழ்கவில்லை, குளமும் வற்றவில்லை. நீர்நாய், கொக்கு, கீரி போன்ற மிங்க் என்று ஒவ்வொன்றாக ஓடைக்கு வந்து சேர்ந்தன. பீவர் குளங்களில் தேங்கும் நீர் மண்ணில் ஊறி, கோடையிலும் கரையை ஈரமாக வைத்திருக்கிறது. காட்டுத்தீயின்போதுகூடப் பீவர் குளத்தோரங்கள் பசுமை மாறாமல் நின்றதை எமிலி ஃபேர்ஃபாக்ஸின் 2020 ஆய்வு செயற்கைக்கோள் படங்களில் கண்டது. இதையெல்லாம் செய்யும் பிராணிக்கு நகராட்சி சம்பளம் தருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மாநில அரசு அசைய நாளாயிற்று. கொல்ல அனுமதி கேட்பவர்கள் முதலில் கொல்லாத வழிகளை முயன்று பார்க்க வேண்டும் என்ற விதி 2023-இல்தான் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில், மைடு பழங்குடியினருக்குத் திரும்பக் கிடைத்த தாஸ்மாம் கொயோம் பள்ளத்தாக்கில், ஏழு பீவர்களை அரசே கொண்டுபோய் விட்டது. ஏறக்குறைய 75 ஆண்டுகளில் அதுவே முதல் முறை.