அமோனியா அளவு சட்டப்படி 'ஓகே'... ஆனா கழுவெளிக்கு ஓகேவா? மரக்காணத்தில் காற்றை ஏன் அளக்கணும்?

மரக்காணம்னு சொன்னதும் உப்பளம்தான் ஞாபகத்துக்கு வரும். அந்த உப்புப் பாத்திகளை ஒட்டியே இருக்கிறது கழுவெளி. பழவேற்காட்டுக்கு அடுத்தபடியாக தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. பரப்பளவு சுமார் 5,151 ஹெக்டேர். 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது.

ஆக்கிரமிப்பை அகற்றலாம், வேட்டையைத் தடுக்கலாம். ஆனால் காற்றில் வருவதை? அங்கேதான் அமோனியா கேள்வி வருகிறது.

அமோனியா எங்கிருந்து வருது?

உப்பளத்தில் இருந்து இல்லை. மாட்டுச் சாணம், கோமியம், கோழிப்பண்ணைக் கழிவு, வயலுக்குப் போடும் யூரியா ஆகியவைதான் முக்கிய ஆதாரங்கள். வெயிலில் மேலாகத் தூவிய யூரியாவில் ஒரு பகுதி அமோனியாவாகி காற்றில் கலந்துவிடுகிறது. அதாவது, விவசாயி கொடுத்த காசும் சேர்ந்தே பறக்குது.

அதனால் என்ன பாதிப்பு?

காற்றில் போன அமோனியா மறுபடி நிலத்திலும் நீரிலும் படியும். இது நைட்ரஜன் உரம் மாதிரி. கேட்காத இடத்தில் உரம் விழுந்தால் பாசியும் களையும் மண்டும், நீரில் ஆக்சிஜன் குறையும். மீன், புழு, பூச்சி குறைந்தால் பறவைக்கு இரை ஏது?

சட்டம் என்ன சொல்கிறது?

2009-ல் வந்த தேசிய காற்றுத்தர அளவுகோல் இது. சூழல் முக்கியத்துவம் வாய்ந்த பகுதிகளுக்கு இதில் தனிக் கட்டமே இருக்கிறது. ஒரு கன மீட்டருக்கு, ஆண்டு சராசரி (மைக்ரோகிராம்):

▪ சல்ஃபர் டை ஆக்சைடு: பொது இடம் 50, சூழல் பகுதி 20
▪ நைட்ரஜன் டை ஆக்சைடு: பொது இடம் 40, சூழல் பகுதி 30
▪ அமோனியா: பொது இடம் 100, சூழல் பகுதியும் 100

கவனிச்சீங்களா? இந்த மூன்றில் அமோனியாவுக்கு மட்டும் நகரமும் சரணாலயமும் ஒன்றுதான்.

ஐரோப்பாவில் ஆய்வாளர்கள் வகுத்த வரம்பு, பாறைப்பாசி, மரப்பாசி போன்றவற்றுக்கு 1. மற்ற செடிகளுக்கு 3. அது குளிர்நாட்டுத் தாவரங்களை வைத்துச் சொன்ன கணக்கு, அப்படியே நமக்குப் பொருந்தணும்னு இல்லை. ஆனால் 3-க்கும் 100-க்கும் உள்ள இடைவெளி சின்ன விஷயமும் இல்லை. 50 என்று பதிவானால்கூட நம்ம சட்டப்படி எல்லாம் நலம்தான்!

எண்ணூர் சொன்ன பாடம்

2023 டிசம்பர் 26 இரவு, எண்ணூரில் கடலுக்கடியில் போகும் குழாயில் அமோனியா கசிந்தது. மக்கள் கண் எரிச்சல், மூச்சுத்திணறலோடு வீட்டைவிட்டு ஓடினார்கள். 24 மணி நேர வரம்பு 400 மைக்ரோகிராம். ஆலை வாசலருகே பதிவானது 2,090. அந்த மாதிரி விபத்து மூக்குக்கே தெரிந்துவிடும். வருஷம் முழுக்க மெல்லப் படிவது தெரியாது. அதுக்குத்தான் கருவி வேணும்.

எப்படி அளப்பது?

நம் நாட்டில் காற்றை அளக்கும் நிலையங்கள் பெரும்பாலும் நகரங்களிலும் தொழிற்பகுதிகளிலும்தான். ஆனால் இதற்குப் பெரிய நிலையமே தேவையில்லை. அமில வடிதாள் வைத்த சின்னக் குழாய் ஒன்றைக் கம்பத்தில் கட்டிவிட்டு, மாதம் ஒருமுறை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும். மின்சாரம் வேண்டாம். நெதர்லாந்து 2005 முதல் தன் இயற்கைப் பகுதிகளில் இப்படித்தான் அளக்கிறது.

அதே நாட்டில் 2019-ல், நைட்ரஜன் அனுமதித் திட்டம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. கட்டுமானத் திட்டங்கள் முடங்கின, விவசாயிகள் டிராக்டரோடு சாலைக்கு வந்தார்கள். பிரச்னை முற்றிய பிறகு கட்டுப்பாடு போட்டால் அடி விழுவது விவசாயிக்குத்தான்.

கழுவெளிக்கு இன்னும் நேரம் இருக்கு. ஏரிக்கரை, உப்பளம், வயல் ஓரம், பண்ணைப் பக்கம் என சில இடங்களில் குழாய்களைக் கட்டி, எல்லாப் பருவத்துக்கும் ஒரு வருஷம் அளந்தாலே அடிப்படைக் கணக்கு கையில் இருக்கும். அது இருந்தால்தான் யூரியாவை மண்ணுக்குள் இடச் சொல்வதா, பண்ணைக் கழிவை மூடி வைக்கச் சொல்வதா, இல்லை எதுவுமே தேவையில்லையா என்று முடிவெடுக்க முடியும். அளக்காமல் யார் மீதும் பழி போடவும் முடியாது, யாரையும் விடுவிக்கவும் முடியாது.