பகலில் தூங்குகிறவர்களுக்கும் வெயில் உண்டு

‘மதியம் 12 மணியில இருந்து 3 மணி வரை வெளியே போகாதீங்க.’ கோடை வந்தால் டி.வி-யில் தவறாமல் வரும் அறிவுரை. நல்ல அறிவுரைதான். ஆனால், இரவு ஷிஃப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸில் காலையில் அறைக்கு வந்து படுக்கிற பெண்ணுக்கு அது எப்படி உதவும்? அவர் உள்ளேதான் இருக்கிறார். காங்கிரீட் தளமோ, ஷீட் கூரையோ... வெயில் அதன் வழியாக இறங்கி வந்துவிடுகிறது.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் இப்படிப் பகலில் தூங்கும் பெண்கள் ஏராளம். நாட்டில் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் ஏறக்குறைய 10-ல் 4 பேர் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். பருவநிலை மாற்றம் என்றதும் நமக்கு உருகும் பனிமலைதான் ஞாபகம் வருகிறது. இவர்களின் வாடகை அறை வருவதில்லை.

இந்தப் பகுதியில் பசுமை வேலைகள் நடக்காமல் இல்லை. பிள்ளைப்பாக்கத்தில் 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட ஃபர்ஸ்ட் சோலார் ஆலை, ஆண்டுக்கு 3.3 ஜிகாவாட் அளவுக்கு சோலார் பேனல் செய்யக்கூடியது. கோயம்பேட்டில் சென்னையின் கழிவுநீரை தினமும் 4.5 கோடி லிட்டர் வரை சுத்திகரித்து, இங்குள்ள சிப்காட் ஆலைகளுக்கு அனுப்ப வசதி இருக்கிறது. நாம் குடிக்கும் ஏரித் தண்ணீர் அந்த அளவுக்கு மிச்சம். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால், வாட்டையும் லிட்டரையும் எண்ணுகிற இந்தக் கணக்கில், அங்கே வேலை பார்க்கும் பெண்ணின் உடம்பு எந்த இடத்தில் வருகிறது?

உடம்பு என்று சொல்லக் காரணம் உண்டு. போரூர் ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர் வித்யா வேணுகோபால் குழுவினர், தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளிடம் ஆய்வு செய்தார்கள். கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு ஆபத்து மற்றவர்களைப்போல இரண்டு மடங்கு. அவர்கள் வயல், செங்கல் சூளை, உப்பளம் போன்ற இடங்களில் உழைத்தவர்கள்.

செல்போன் செய்யும் ஆலைக்குள் ஏசி ஓடும். (கருவிகளுக்கும் அது தேவை!) அங்கே பிரச்னை வேறு. ‘நிறைய தண்ணி குடிங்க’ என்கிறோம். அசெம்ப்ளி லைனில் நிற்பவர் கழிப்பறைக்குப் போக வேண்டுமானால், அவர் இடத்துக்கு இன்னொருவர் வர வேண்டும். அதற்குப் பயந்தே தண்ணீரைக் குறைத்துக்கொண்டால், நீர்க்கடுப்புதான் மிச்சம். மாற்று ஆள் போடுவதும் வெயிலுக்கான நடவடிக்கைதான்.

தங்குமிடம் எவ்வளவு முக்கியம் என்பது 2021 டிசம்பரில் ஊருக்கே தெரிந்தது. விடுதிச் சாப்பாட்டால் உடல்நிலை பாதிக்கப்பட்ட ஃபாக்ஸ்கான் பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். 2024 ஆகஸ்ட்டில் வல்லம் வடகாலில், 18,720 பெண்கள் தங்கும் சிப்காட் விடுதி 706.50 கோடி ரூபாயில் திறக்கப்பட்டது. பெரிய விஷயம். அதே ஆண்டு அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அரசு அறிவித்தது. இந்த இரண்டையும் இணைத்து, பெண்கள் தங்கும் ஒவ்வொரு அறையின் மதிய வெப்பத்தையும் அளந்து பார்க்கலாமே! தெர்மாமீட்டர் விலை அதிகமில்லை.

இந்தப் பக்கம் அறைகளை வாடகைக்கு விடுகிறீர்களா? ஏப்ரலுக்குள் மொட்டைமாடிக்கு வெள்ளை அடித்துவிடுங்கள். கூல் ரூஃப் பெயின்ட் கட்டுப்படியாகாது என்றால், சுண்ணாம்பில் பசை கலந்து இரண்டு கோட்டிங் போதும். மழைக்குப் பிறகு திரும்ப அடிக்க வேண்டியிருக்கும். கறுப்பு வாட்டர் டேங்க்கையும் விட்டுவிடாதீர்கள். நைட் ஷிஃப்ட் முடிந்து தாமதமாகக் குளிக்கப் போகிறவர் தலையில் கொதிக்கும் தண்ணீர் விழாமல் இருக்கும்.