வடிகால் போய்ச் சேரும் இடம்

கோடியக்கரைக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் மார்கழி, தை மாதத்தில்தான் போகிறார்கள். பூநாரைக் கூட்டம் நிறைந்திருக்கும், படமும் நல்லா வரும். ஆனா உழவர்களாகிய நாம் போக வேண்டியது ஆவணி கடைசியிலும் புரட்டாசியிலும்தான் என்பேன்.

அப்போது வேதாரண்யம் சதுப்பில் தண்ணீர் வற்றி, சேறு வெளியே தெரியும். அகஸ்தியம்பள்ளிப் பக்கம் உப்பளங்களில் மழைக்கு முந்தின கடைசி உப்பு வாரிக்கிட்டிருப்பாங்க. அந்த நேரம் பார்த்துத்தான் உள்ளான்கள் வந்து இறங்கும். சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரித்துவிட்டு, பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வருகிறவை. கொசு உள்ளான் எடை முப்பது கிராம்கூட இருக்காது. ஒரு கைப்பிடி நெல்தான். வளைந்த மூக்கு உள்ளானைக் கவனித்துப் பாருங்கள். முதலில் வருகிறவை பெரிய பறவைகள். வயிற்றில் செங்கல் நிறம் திட்டுத் திட்டாக மிச்சமிருக்கும். இந்த வருஷம் பொரித்த குஞ்சுகள் பின்னாடி தனியாக வரும். வழிகாட்ட தாய் தகப்பன் கிடையாது.

வந்ததும் சேற்றில் மூக்கை விட்டுத் தின்ன ஆரம்பித்தால் நிமிராது. புழு, பூச்சிக் குடம்பி, சின்ன நத்தை. நம்ம வயலுக்கு மண்புழு எப்படியோ, அந்தச் சதுப்புக்கு அந்தச் சேற்றுப் புழு அப்படி. ஐப்பசி மழை இறங்கித் தண்ணீர் ஏறிவிட்டால் குட்டைக்கால் பறவைக்கு நிற்க இடமிருக்காது. அதுக்குள்ள தேற வேண்டும்.

இப்போ நம்ம விஷயத்துக்கு வருவோம். ஜூன் 12ல் மேட்டூர் திறந்த வருஷமென்றால், அதே ஆவணியில் டெல்டாவில் குறுவை கதிர் பிடித்து நிற்கும். குருத்துப்பூச்சி, இலைச்சுருட்டு என்று மருந்துக்கடை வாசலில் கூட்டமும் நிற்கும். அடித்த மருந்து வரப்போடு நிற்கிறதா? வடிகால் வழியே இறங்கி, கோரையாறு, பாமணியாறு என்று சேர்ந்து முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் போகிறது. பூச்சியைக் கொல்ல அடித்ததுக்கு வயல் புழு எது, சதுப்புப் புழு எது என்று தெரியுமா?

இயற்கை வேளாண்மைக் கூட்டங்களில் நாம் நம்ம மண், நம்ம விதை, நம்ம தட்டு என்று பேசுகிறோம். வடிகால் பற்றிப் பேசுவதில்லை. எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது. மருந்தில்லாமல் ஒரு ஏக்கர் நட்டால், அதன் பலனில் ஒரு பங்கு கடலோரத்துக்கும் போகிறது. இதைச் சொல்லி நெல் விற்கவும் நாம் கூச்சப்பட வேண்டியதில்லை.

இன்னொன்று, உவர் நிலத்தை 'சும்மா கிடக்கிற நிலம்' என்று சொல்லும் பழக்கம். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இறால் பண்ணைகள் வந்தன. ஜெகந்நாதன் ஐயா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், விளைநிலத்தையும் உப்பளத்தையும் சதுப்பையும் இறால் குட்டையாக்கக் கூடாதென்று தீர்ப்புச் சொன்னது. 2005ல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புச் சட்டம், பதிவு செய்து பண்ணை நடத்த வழிவிட்டது. கோடியக்கரை 1967லேயே சரணாலயம், 2002லிருந்து ராம்சர் நிலம். இத்தனை பட்டம் இருந்தும், கோட்டுக்கு வெளியே என்ன நடக்கிறது என்று பார்க்கப் பக்கத்து ஊர் உழவர்தான் இருக்கிறார். அந்த வழக்கும் விளைநிலம் உப்பானதால் வந்த போராட்டம்தான், மறந்துவிட வேண்டாம்.

போகிறவர்களுக்கு: விடிகாலையில் போங்க. சூரியனை முதுகுப் பக்கம் வச்சுக்குங்க. சாலையில் நின்றே பார்க்கலாம், சேற்றில் இறங்க வேண்டாம். படத்துக்காக விரட்டிப் பறக்க விடாதீர்கள். பாதி உயிரைப் பறந்தே கரைத்துவிட்டு வந்திருக்கிறது. பெயர் தெரியவில்லையென்றால் பரவாயில்லை. எத்தனை இருக்கிறது, எந்த இடத்தில் தின்கிறது, எந்த வடிகால் வாயில் ஒன்றுமே இறங்கவில்லை என்று குறித்து வாருங்கள். அந்தக் குறிப்போடு அடுத்த மாதக் கூட்டத்துக்கு வந்தால், எந்த வாய்க்காலின் தலைப்பில் முதலில் போய்ப் பேசுவது என்று உட்கார்ந்து முடிவெடுக்கலாம்.