மஞ்சள் இலையும் மரத்தின் புரதங்களும்

ஆரஞ்சு மரத்தில் மஞ்சள் இலையைக் கண்டவுடன் துத்தநாகக் குறைவு என்று கூறி உப்புக் கரைசல் தெளிக்கச் சொல்வோர் உண்டு. கிரீனிங் நோய் என்று தீர்மானித்து மரத்தையே வெட்டச் சொல்வோரும் உண்டு. ஆராயாமல் கூறப்படும் இவ்விரண்டு யோசனைகளாலும் நஷ்டமடைபவர் விவசாயியே.

இந்நோய் இந்தியாவில் 1966ஆம் ஆண்டில் அடையாளம் காணப்பட்டபோது வைரஸ் நோயாகவே கருதப்பட்டது. பாக்டீரியாவை ஒத்த நுண்ணுயிர் மரத்தின் சல்லடைக் குழாய்களில் இருப்பதைப் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் 1970இல் கண்டனர். சில்லா என்னும் சிறு பூச்சி இதனைப் பரப்புகிறது.

நுண்ணுயிர் பெருகிக் குழாயை அடைத்துவிடுகிறது என்று வகுப்பறைகளில் கற்பிப்பது எளிது. ஆனால் அது உண்மையில் பாதியே. குழாயை அடைப்பதில் மரத்திற்கே பெரும் பங்கு உண்டு. நோய் தாக்கியதும் மரம் காலோஸ் என்னும் பொருளைச் சல்லடைத் துளைகளில் படியவிடுகிறது, பி.பி.2 என்னும் புரதமும் மிகுதியாக உற்பத்தியாகிறது. இலையில் உண்டான சர்க்கரை வேருக்கு இறங்க வழியின்றி மாவுச்சத்தாகத் தேங்குகிறது. வேர் பட்டினி கிடக்கிறது. நுண்ணுயிரும் வாளாவிருப்பதில்லை. அது சுரக்கும் ஒரு புரதம், மரத்தின் பாதுகாப்புக்கு உதவும் சில புரதச் சிதைப்பு நொதிகளைத் தடுத்துவிடுகிறது என 2018இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. மரத்தின் ஓயாத எதிர்ப்பே அதன் குழாய்த் திசுவைக் கொல்கிறது என்று புளோரிடா ஆராய்ச்சியாளர் 2022இல் வாதித்தனர்.

இன்ன புரதம் கூடிற்று, இன்னது குறைந்தது என்னும் நீண்ட பட்டியல்கள் இப்போது ஏராளமாக வெளியாகின்றன. அவற்றை உடனே சிபாரிசாக மாற்றிவிடலாகாது என்பது என் கருத்து. கூடிய புரதம் நோய்க்குக் காரணமா, அதன் விளைவா, வெறும் பட்டினியின் அறிகுறியா என்பதைப் பட்டியல் மட்டும் சொல்லாது.

களப்பணியாளருக்கு இதனால் பயன் இல்லையோ என்றால், உண்டு. துத்தநாகக் குறைவில் நடு நரம்பின் இருபுறமும் மஞ்சள் ஒரே சீராகக் காணும். கிரீனிங் நோயில் ஒருபுறம் போல் மறுபுறம் இராது. ஐயம் எழுந்தால், உப்புத்தாளால் இலையைச் சுரண்டிச் சிறிது நீரில் இட்டு, அயோடின் கரைசல் சேர்த்துப் பார்க்கலாம். நீர் கருத்தால் மாவுச்சத்து தேங்கியுள்ளது என்று பொருள். பட்டை காயமுற்ற கிளையிலும் இவ்வாறே கருக்கும்; ஆதலால் பி.சி.ஆர். பரிசோதனையின் முடிவு வருமுன் கோடரியை எடுக்கச் சொல்லுதல் தகாது.

உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களும் இச்சோதனையை மாணவரைக் கொண்டு செய்விக்கலாம். இலைகளைக் காலையிலேயே பறிக்க வேண்டும். மாலையில் நல்ல மரத்தின் இலையிலும் மாவுச்சத்து மிகுந்திருக்கும்.